டெல்மார் கட்டிய தோட்டாக்கள்

ரெட்ஸ்டோன் கல்ச், ஐடஹோ
4 மார்ச் 1984

தம்பி ராய்ஸுக்கு,

நானும் உன் அண்ணி பெர்னிஸும் பிள்ளைகளும் இருக்கிறோம். அலாஸ்கா குளிரில் நீயும் லொரெட்டாவும் சுகமா? உங்கள் கல்யாணத்துக்கு நாங்கள் வர முடியாததில் அவளுக்கு வருத்தம் இருந்தால் என் சார்பில் நீ சமாதானம் சொல்.

உருக்காலை மூடி இரண்டரை வருடம் ஆகிறது. மூடிய ஆலையின் ஈயம் இன்னும் சின்னவள் டாமியின் ரத்தத்தை விட்டுப் போகவில்லை. கம்பெனி டாக்டர் கடைசியாகச் சொன்னது நினைவிருக்கிறதா? "பிள்ளையக் கைய நல்லாக் கழுவச் சொல்லுங்க." பதினெட்டு வருடம் அவர்களுக்கு ஈயம் உருக்கியவனிடம் சோப்புப் போடச் சொன்னார்கள். தோட்டாவுக்கு ஈயக் குண்டு வார்க்கிற அடுப்பை வீட்டிலிருந்து எடுத்து மலையோரக் கொட்டகைக்கு மாற்றிவிட்டேன்.

ஆலை மூடுவதற்கு ஆறு மாதம் முன்பே நீ கிளம்பிவிட்டாய். சங்கக் கூட்டத்தில் உன்னை ஓடுகாலி என்று திட்டியவர்களில் நானும் ஒருவன். சரி, விடு.

நீ கேட்ட தோட்டா ஐம்பது கட்டி அனுப்பியிருக்கிறேன். உன் ரிவால்வருக்கான நாற்பத்து நாலு மேக்னம். ஒவ்வொன்றுக்கும் வெடிமருந்தைத் தனித்தனியாகத் தராசில் நிறுத்தேன், கரண்டி அளவில்லை. தோட்டாவைத் தபாலில் போடக் கூடாது என்பதால் லாரியிலும் படகிலும் வரும். கடிதத்துக்கு மூன்று வாரம் பின்னால் பெட்டியை எதிர்பார். பெட்டி மேல் வழக்கம்போல் தேதியும் என் பெயரும் ஒட்டியிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
டெல்மார்


கோடியாக், அலாஸ்கா
8 ஏப்ரல் 1984

அன்புள்ள அண்ணா,

இங்கே இருவரும் நலம். டாமி குட்டிக்கு இப்போது எப்படி? அண்ணிக்கு முழங்கால் வலி குறைந்ததா?

பெட்டி வந்தது. பத்து சுட்டுப் பார்த்தேன். அண்ணா, பத்தும் குறிப்பலகையில் ஒரு காப்பிக் கோப்பை வாய் அளவுக்குள் விழுந்தன! பக்கத்தில் நின்றவன், "டேய், துப்பாக்கிய மாத்துவமாடா?" என்றான். "துப்பாக்கிய எடுத்துக்கோ, தோட்டாவத் தரமாட்டேன்" என்றேன்.

மே மாதம் இரும்பு உருவம் சுடும் போட்டி. கோழி, பன்றி, வான்கோழி, கடைசியில் இருநூறு மீட்டரில் செம்மறிக் கடா. பட்டால் போதாது, விழ வேண்டும். கடைத் தோட்டா பட்டால் கடா தலையாட்டிவிட்டு நின்றுகொண்டிருக்கும். உன் தோட்டாவுக்கு விழும்.

லொரெட்டாவின் அன்பு உங்கள் எல்லோருக்கும்.
உன் ராய்ஸ்


கோடியாக்
21 மே 1984

மதிப்புக்குரிய டெல்மார் அத்தானுக்கும் பெர்னிஸ் அக்காவுக்கும்,

லொரெட்டா எழுதுகிறேன். நேரில் பார்க்காமலே உங்களிடம் உரிமை எடுத்துக்கொள்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். எல்லோரும் சுகம்தானே?

உங்கள் தம்பி முதல் பரிசு வாங்கிவிட்டார்! பத்துக் கடாவில் ஒன்பது விழுந்தன. இந்த ஊரில் யாருமே அப்படிச் சுட்டதில்லையாம். பத்திரிகைத் துண்டை இத்துடன் வைத்திருக்கிறேன். இவரே எழுதினால் பெருமையடிப்பது போலாகும் என்று அனுப்பமாட்டார், அதனால் நான் அனுப்புகிறேன்.

சாயங்காலம் வீட்டில் விருந்து. நண்டு வேகவைத்தேன். இவரோடு படகில் வேலை பார்த்த சைமன் லுகின் கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்தக் கடைல வாங்கின?"

"கடையா? இந்த மாதிரி எந்தக் கடைல கெடைக்கும்? எல்லாம் கைக்கட்டு."

"யாரு கை?"

இவர் தன் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். எல்லோரும் சிரித்தோம். எப்போது உட்கார்ந்து கட்டினீர்கள் என்று பிறகு நான் கேட்டேன். அதற்கும் சிரிப்புதான்.

உங்கள் குடும்பத்துக்கே கைராசி போலிருக்கிறது.

வணக்கங்களுடன்,
லொரெட்டா


ரெட்ஸ்டோன் கல்ச்
30 மே 1984

தம்பி ராய்ஸ்,

நலம். நலம்தானே?

வாழ்த்துகள். லொரெட்டா அனுப்பிய துண்டு வந்தது. படத்தில் தொப்பி புதிது. "தன் கையாலேயே தோட்டா கட்டிச் சுடும் திரு. ராய்ஸ் ஹாஸ்கெட்" என்று அச்சடித்திருக்கிறார்கள். பெர்னிஸ் அதைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். இரும்புக் கடைக்காரன் கஸ் வீட்டுக்கு வந்தபோது அதைப் படித்துவிட்டு, "ஒன் தம்பியும் கட்ட ஆரம்பிச்சிட்டானா? கடாவ சாய்க்கிறான்யா! நீ இனிமே தோட்டா கட்டுற மேசைய வித்துரு" என்றான். நானும் சிரித்தேன்.

யார் கட்டியது என்று கேட்டவர்களுக்கு நீ என்ன பதில் சொன்னாய் என்று எழுது. அதை மட்டும் எழுது.

டெல்மார்


கோடியாக்
16 ஜூன் 1984

அன்புள்ள அண்ணா,

நாங்கள் நலம். வேலை அதிகம், அதனால் தாமதம். நீங்கள் எல்லோரும் நலம்தானே?

படகுக்குப் புது மோட்டார் போட்டிருக்கிறேன். லொரெட்டா ஆளுயர ஐஸ் பெட்டி ஒன்று வாங்கியிருக்கிறாள். சால்மன் வந்தால் நிரப்பிவிடுவோம், உங்களுக்கும் புகைபோட்டு அனுப்புகிறேன்.

உனக்கு ஒரு யோசனை. இங்கே மீன் ஆலையில் குடல் எடுக்கிற வரிசைக்கு ஆள் எடுக்கிறார்கள். முதலாளியிடம் நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். "ஒன் அண்ணனா? வரச் சொல்லுப்பா" என்பார். எத்தனை நாள்தான் அந்தச் செத்த ஊரில் உட்கார்ந்திருப்பாய்?

ஆகஸ்டில் பெரிய போட்டி. ஆங்கரேஜிலிருந்தெல்லாம் வருகிறார்கள். நூறு தோட்டா வேண்டும், பழைய மாதிரியே. முடியுமா?

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு.
ராய்ஸ்


ரெட்ஸ்டோன் கல்ச்
30 ஜூன் 1984

என் அருமைத் தம்பிக்கு,

எல்லோரும் சுகமே. உன் சுகத்துக்கு வேண்டுகிறேன். மீன் ஆலை யோசனைக்கு நன்றி. நல்ல மனது உனக்கு.

நூறு தோட்டா இன்று லாரியில் ஏறியது. பெட்டியில் பெயர் ஒட்டவில்லை. உனக்கு எதற்கு அந்தச் சிரமம்?

ஒரே ஒரு வேண்டுகோள். இதில் ஒன்றைக்கூட முன்னால் சுட்டுப் பார்க்காதே. போட்டி நாளுக்கென்றே வை. ஐந்து ஐந்தாகப் போட்டு, ஊர் பார்க்கச் சுடு.

நூறையும் ஒரு பகலில் முடித்துவிட்டேன். பெர்னிஸ் எட்டிப் பார்த்து, "என்ன இது, எப்பவும் மூணு நாள் ஆகும்ல? கடைசி வேலைய விட்டுட்டியா?" என்றாள். "கை பழகிடுச்சு" என்றேன்.

அன்புடன்,
டெல்மார் அண்ணன்


கோடியாக்
23 ஜூலை 1984

அன்புள்ள அண்ணா,

வணக்கம். நான் திடமாக இருக்கிறேன். உங்கள் நலம் எழுதவும்.

பெட்டி வந்தது, ஆனால் போட்டிக்கு நான் போகவில்லை. வேலை மாறிவிட்டது. ஆற்றில் ஏறும் சால்மனை எண்ணுகிற ஒப்பந்தக் கம்பெனி ஒன்று என்னையும் சைமனையும் எடுத்திருக்கிறது. செப்டம்பர் கடைசி வரை ஆற்றோர முகாம். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை மிதவை விமானம் வந்து அரிசியும் கடிதமும் போட்டுவிட்டுப் போகும்.

மீன் ஏறுகிற ஆற்றில் கரடியும் இறங்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கம்பெனி கொடுத்திருப்பது ஒரே ஒரு பழைய துப்பாக்கி. அதன் தோட்டாக்கள் ஈரத்தில் ஊதிப்போய்க் குழலுக்குள்ளேயே போகவில்லை. மேலாளரிடம் காட்டினேன். "சத்தம் போட்டா ஓடிரும்பா. கரடி என்ன, சம்பளமா கேக்குது?" என்றார். நாற்காலியை விட்டு எழாமல் சொன்னார்.

பரவாயில்லை. இடுப்பில் என் ரிவால்வர் இருக்கிறது, அதில் உன் தோட்டா இருக்கிறது. நூறையும் எடுத்துக்கொண்டு போகிறேன். லொரெட்டாவிடம் அதைச் சொல்லித்தான் அழுகையை நிறுத்தினேன்.

முகவரி கீழே. எழுது.
ராய்ஸ்


ரெட்ஸ்டோன் கல்ச்
30 ஜூலை 1984

ராய்ஸ்,

நீ சுகமாக இருக்க வேண்டும். இதை நின்றுகொண்டே எழுதுகிறேன்.

அந்த நூறு தோட்டாவை உபயோகிக்காதே. வெடிமருந்து டப்பாவில் ஈரம் ஏறியிருந்தது என்று இப்போதுதான் கவனித்தேன். வெடிக்காமல் போகலாம். நூறையும் ஆற்றில் கொட்டிவிட்டு விமானக்காரரிடம் சொல்லிக் கடைத் தோட்டா வரவழை. எந்தக் கடையானாலும் சரி.

உடனே பதில் எழுது. இதே விமானத்தில் எழுது.

டெல்மார்


ஆற்று முகாம்
7 ஆகஸ்ட் 1984

அன்புள்ள அண்ணா,

சுகமாக இருக்கிறேன். விமானக்காரர் எஞ்சினை அணைக்காமல் காத்திருக்கிறார், அதனால் சுருக்கமாக.

உன் கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. நேற்றுத்தான் தற்செயலாக இரண்டு சுட்டுப் பார்த்தேன். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. இடி மாதிரி வெடித்தன. ஈரமாவது மண்ணாவது! உன் கடிதத்தைப் படித்துக் காட்டியதும் சைமன், "ஒங்கண்ணன் கட்டினது நனஞ்சிருந்தா, காஞ்சது எப்படி இருக்கும்?" என்றான். ஆமாம், கட்டியது நீ என்று அவனிடம் சொல்லிவிட்டேன். அவனிடம் மட்டும்.

உண்மையைச் சொல், அண்ணா. நான் பரிசு வாங்கியது உனக்குப் பிடிக்கவில்லை. உன் தோட்டாவைத் திரும்பப் பிடுங்கப் பார்க்கிறாய். சின்ன வயதில் சைக்கிளைப் பிடுங்கிய மாதிரி. தரமாட்டேன் போ.

இங்கே ஒரு பெரிய பெண் கரடி குட்டிகளோடு அக்கரையில் உலாவுகிறது. மீன் எண்ண ஆற்றில் கட்டிய தடுப்பு வேலியை இரண்டு முறை உடைத்துவிட்டது.

ராய்ஸ்


ரெட்ஸ்டோன் கல்ச்
15 ஆகஸ்ட் 1984

ராய்ஸ்,

இது உன் கைக்கு வரும்போது நீ முழுசாக இருக்க வேண்டும். வேறு நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

ஈரம் என்று எழுதியது பொய். மருந்து சரியாக இருக்கிறது. ஒவ்வொன்றாகச் சுட்டால் நூறும் வெடிக்கும். குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது.

தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்குள் குண்டை வைத்த பிறகு அதன் வாயை உள்பக்கமாக மடக்கி இறுக்க வேண்டும். அந்தக் கடைசி வேலையை நான் செய்யவில்லை. நூறிலும் செய்யவில்லை. வெளியே பார்த்தால் தெரியாத அளவுக்கு லேசாகத் தொட்டு விட்டேன். உன் துப்பாக்கி உதைக்கிற உதையில், ஒரு தோட்டா வெடிக்கும்போது மிச்சமிருக்கும் தோட்டாக்களில் கூடு மட்டும் பின்னால் வரும், குண்டு நின்ற இடத்தில் நிற்கும். உதைக்கு உதை குண்டு கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நழுவும். மூன்றாவது, நாலாவதில் ரிவால்வரின் சுழல் உருளையை விட்டு மூக்கை நீட்டும். உருளை சட்டத்தில் இடித்து நின்றுவிடும். பிறகு விசையை எவ்வளவு இழுத்தாலும் திரும்பாது. அதனால்தான் முன்னால் சுட்டுப் பார்க்காதே என்று எழுதினேன்.

போட்டியில், ஆங்கரேஜ்காரர்கள் முன்னால், கடாவைக் குறிபார்த்துக்கொண்டு நீ விசையை இழுக்க இழுக்கத் துப்பாக்கி பூட்டிக்கொள்ள வேண்டும். "என்னப்பா, சொந்தக் கட்டா?" என்று எவனாவது கேட்க வேண்டும். அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது. கரடியை நினைக்கவில்லை. கரடியே என் நினைப்பில் இல்லை.

நீ ஆலையை விட்டுப் போனாய், பிழைத்தாய். வேலை, படகு, பெண்டாட்டி. உனக்கு வருவதெல்லாம் தானாக வருகிறது. என்னிடம் இருந்தது இந்த ஒரு மேசை. இந்த ஊரில் எவனும் என்னை எதற்கும் தேடி வருவதில்லை, இதற்கு மட்டும் வருவார்கள். அதையும் எடுத்து உன் பெயரில் அச்சடித்துக்கொண்டாய். என்ன பதில் சொன்னாய் என்று கேட்டேன். ஐஸ் பெட்டி வாங்கினதைப் பற்றி எழுதினாய்.

இப்போதே இடுப்பைக் காலி பண்ணு. இப்போதே.

டெல்மார்


கோடியாக்
4 செப்டம்பர் 1984

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே நலமில்லை. தந்தி கிடைத்திருக்கும். விவரம் எழுதும் தெம்பு இப்போதுதான் வந்தது.

ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி காலை, வேலியைச் சரிபார்க்கத் தண்ணீரில் இறங்கியபோது அந்தப் பெண் கரடி புதரிலிருந்து நேராக வந்திருக்கிறது. இவர் மூன்று தடவை சுட்டார். முதல் இரண்டும் தண்ணீரில், மூன்றாவது அதன் தோளில். நாலாவதற்குத் துப்பாக்கி அசையவில்லை என்கிறார் சைமன். "இழுத்துக்கிட்டே நின்னான் தங்கச்சி. கையில பூட்டத் தொறக்கிறவன் மாதிரி." சைமன் படகுத் துடுப்பால் அதன் மூக்கில் அடித்து அடித்துத்தான் பிரித்திருக்கிறார். உயிர் இருக்கிறது. வலது முழங்கையிலிருந்து விரல் வரை நரம்பு போய்விட்டது. அந்தக் கை இனி மூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இருபத்தொன்றாம் தேதி விமானத்தில் உங்கள் கடிதம் வந்திருக்கிறது. சைமன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். நான்தான் உறையைப் பிரித்து இவர் இடது கையில் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். "கொளுத்திரு" என்றார். படிக்கட்டுமா என்று கேட்டேன். "அண்ணன் சுகம் விசாரிச்சிருக்கான், வேற ஒண்ணுமில்ல" என்றார். கொளுத்திவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துக் கம்பெனி மேலாளர் வந்தார். பூ கொண்டுவந்தார், காகிதமும் கொண்டுவந்தார். "தோட்டா யாரு கட்டினது?" என்று கேட்டார். சைமன் வாயைத் திறப்பதற்குள் இவர், "நான்தான். எல்லாம் என் கைக்கட்டு" என்றார். மேலாளர் எழுதிக்கொண்டார்: ஊழியரின் சொந்தத் தயாரிப்பு, சொந்தக் கவனக்குறைவு. ஊதிப்போன கம்பெனித் தோட்டாவைப் பற்றிச் சைமன் எவ்வளவோ சொன்னார். "அது வேற விஷயம்ப்பா" என்று பேனாவை மூடிவிட்டார். அந்தக் காகிதத்தால் எங்களுக்கு ஒன்றும் கிடைக்காது என்கிறார்கள்.

அத்தான், ஒன்று கேட்கிறேன். ஆகஸ்ட் முதல் வாரத்தில் எனக்குப் போன் செய்தீர்கள். இவ்வளவு தூரம் கூப்பிட்டு, "சுகமாம்மா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டீர்கள். முகாமுக்கு ரேடியோவில் சேதி சொல்ல என்னால் முடியும் என்று அன்றே உங்களிடம் சொன்னேன். அன்று என்னிடம் ஏதாவது சொல்ல வந்தீர்களா? அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது?

இவர் உங்கள் மேல் கோபமாக இல்லை. உங்களைப் பற்றிப் பேசுவதே இல்லை.

லொரெட்டா


ரெட்ஸ்டோன் கல்ச்
12 செப்டம்பர் 1984

லொரெட்டாவுக்கு,

நீ தைரியமாக இருக்க வேண்டும் என்று எழுதுகிற தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் இரு அம்மா.

நீ கொளுத்திய கடிதத்தை மறுபடி எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு வரியும் குறைக்கவில்லை. படி. படித்த பிறகு என்னை அத்தான் என்று கூப்பிட வேண்டியதில்லை. போனில் உன் குரல் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. சொன்னால் நீ என்னை என்னவென்று நினைப்பாய் என்று யோசித்தேன். அவன் உயிரை நினைக்காமல் அதைத்தான் யோசித்தேன்.

இன்னொரு தாளும் இருக்கிறது. அது வாக்குமூலம். நூறு தோட்டாவும் நான் கட்டியது, வேண்டுமென்றே கெடுத்தது, ராய்ஸுக்குத் தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சாட்சிக்குக் கஸ்ஸிடம் போனேன். படித்துவிட்டுக் கடையின் கதவைச் சாத்தினான்.

"பைத்தியமாடா நீ? உள்ள போட்ருவாங்கடா."

"படிச்சிட்டல்ல? கையெழுத்தப் போடு."

"அவனே தான்தான்னு சொல்லிட்டான். ஒனக்கென்ன வந்தது?"

"போடு கஸ்."

போட்டான். என் கையை மட்டும் தொடவில்லை.

அந்த மேலாளர் ஊதிப்போன தோட்டாவைக் கொடுத்து இரண்டு பேரைக் கரடி ஆற்றில் இறக்கிவிட்டவர். அவர் தப்பித்துப் போகக் கதவைத் திறந்து வைத்தவன் நான். இந்தத் தாளை அவரிடம் கொடுக்காதே, தொலைத்துவிடுவார். நகல் எடுத்து ஒரு வக்கீலிடம் கொடு. சைமனையும் கூட்டிப் போ.

ராய்ஸ் கிழிக்கச் சொல்வான். கிழிக்காதே. "நான்தான் கட்டினேன்" என்று அவன் சொன்னது என்னைக் காப்பாற்றவா, பழக்கத்தில் வந்ததா, எனக்குத் தெரியாது. நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது அழுகையில்லை, நன்றியுமில்லை. இதையும் அவன் பெயரில் எழுதிக்கொண்டானே என்ற எரிச்சல்தான் வந்தது. மூடாத கையோடு படுத்திருக்கிறவன் மேல் வந்தது. அப்படிப்பட்டவன்தான் உனக்கு எழுதுகிறேன், தெரிந்துகொள்.

வக்கீலிடம் பெயரைச் சரியாக எழுதச் சொல். டெல்மார் ஹாஸ்கெட். ராய்ஸ் இல்லை.

அவன் தூங்கும்போது கையைத் தலையணை மேல் உயர்த்தி வை. வீக்கம் குறையும்.

டெல்மார்